நைனா பூட்டிய பட்பட்டி

மெழுகு தடவிய பழுப்புக் காகிதத்தைப் பிரித்தபோது முதலில் விளக்கெண்ணெய் போலவும், அடுத்த மூச்சில் பழைய ஆட்டுக்கொழுப்பு போலவும், பிறகு இரண்டுமில்லாத ஏதோ சீமைச் சரக்கு போலவும் ஒரு வாசனை வந்தது. சித்திரை வெயிலில் எங்கள் முற்றத்துக் கல்லின்மேல் அந்த கிரீஸ் உருகி வழிய வழிய, வாசனை தெருவரைக்கும் போய், எதிர்வீட்டு அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி சம்பூர்ணம், ஊட்டுக்குள்ள பொணத்தயா கொண்டாந்து வச்சிகினு கீறீங்க?"

"பொணமில்ல அத்த, பட்பட்டி" என்றாள் அம்மா.

மோட்டார் சைக்கிளை எங்கள் பக்கத்தில் அப்போது அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அத்தை பார்த்த இடத்தில் பட்பட்டி எதுவும் இல்லை. இரண்டு மரப்பெட்டிகளும், அவற்றின்மேல் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்துகளும், உள்ளே காகிதத்தில் சுற்றிய இரும்புத் துண்டுகளும்தான் இருந்தன.

உலக யுத்தம் முடிந்து வந்த முதல் கோடை அது. எனக்கு எட்டு வயது. திருத்தணி மலையடிவாரத்தில், காவடிக்காரர்கள் படியேறப் போகும் வழிக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஓட்டுவீட்டில் குடியிருந்தோம். முன்னறையில் அம்மாவின் தறி, அதற்குப் பின்னால் வானம் தெரியும் சிறு முற்றம், அதைத் தாண்டிச் சமையலறை. வீடு அவ்வளவுதான். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களை மலைமலையாகக் குவித்து ஏலத்தில் விட்டார்கள். அதற்கு 'டிஸ்போசல்' என்று பெயர். எங்கள் தெருவில் பாதிப் பேர் டிஸ்போசல் கம்பளியில் படுத்து, டிஸ்போசல் குப்பியில் தண்ணீர் குடித்தார்கள். பாலய்யா என்ற லாரிக்காரர் அரக்கோணத்தில் பெரிய இரும்புக் குவியலொன்றை ஏலத்தில் எடுத்துவிட்டு, எது எந்த வண்டியின் சாமான் என்று தெரியாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். என் அப்பா போய் ஒரு மாதம் அங்கேயே இருந்து அத்தனையையும் இனம் பிரித்துக் கொடுத்தார். அதற்குக் கூலியாகக் கிடைத்தவைதாம் இந்த இரண்டு பெட்டிகள். பல வண்டிகளிலிருந்து தேறிய பாகங்களை அவரே பொறுக்கி, ஒரு முழு வண்டிக்கு ஆகும்படி சேர்த்து, பெட்டியில் அடுக்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம். தெலுங்குச் சீமையை ஒட்டிய ஊர். அந்தச் சொல் எங்களுக்கு அந்நியமில்லை. நைனாவின் பெயர் தணிகாசலம். பொதட்டூர்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். யுத்தம் வந்து நூலுக்குப் பஞ்சமாகித் தறிகள் நின்றபோது, "போயி பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது எனக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. கிழக்கு எல்லைக் காடுகளில் ஒரு முகாமிலிருந்து மறு முகாமுக்கு மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகும் வேலை. வழியில் வண்டி நின்றுவிட்டால் அவரே பிரித்து, அவரே பூட்டிக்கொண்டு போகவேண்டும். ஒருநாள் பக்கத்தில் குண்டு விழுந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து இரண்டு கைகளும் நடுங்க ஆரம்பித்தன, பிறகு நிற்கவேயில்லை. பல மாதம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் வந்த அன்று நான் தறிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தாடையெலும்பு துருத்திய ஒரு புது மனிதர் அம்மா கொடுத்த மோரை இரண்டு கைகளாலும் சொம்பைப் பிடித்துக் குடிப்பதையும், பாதி மோர் சட்டையில் சிந்துவதையும் நூலிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, கிருத்திகை என்று அம்மா மலைக்குக் கிளம்பியபோது, பாதிப் படியில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முன்னால் குந்தி முதுகைக் காட்டினார். "தோள்ல ஏறிக்கோ. ஆனா ஒண்ணு, நான் உன்னப் புடிச்சிக்க மாட்டேன், என் கைய நம்பாத. நீதான் என் தலயக் கெட்டியாப் புடிச்சிக்கணும்" என்றார். அவர் முடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு மீதிப் படிகளையும் அவர் தோளிலேயே ஏறினேன். இறங்கி வரும்போது நான் அவர் மகளாகியிருந்தேன்.

தறியில் உட்கார அவரால் முடியவில்லை. நூலோடு பாயும் ஓடம் கைதவறித் தரையில் விழும். அறுந்த நூலை முடிபோடப் போய் இன்னும் நாலு நூலை அறுத்துவிடுவார். தெருவில் பேச்சு எழுந்தது. "சண்டைக்குப் போனவன் பாதி ஆளாத்தான் திரும்புவான்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். எதிர்வீட்டு அத்தை தன் பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டி, "கைக்கு வந்தது மண்டைக்கு வர எத்தினி நாளாவும்?" என்று அம்மாவிடமே கேட்டாள். ஆஸ்பத்திரியில் நைனாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மறந்து, கடைசியில் தன் பெயரையே மறந்துபோனாராம். அதை ஒரே ஒரு தரம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் அவருக்குள் இருந்தது. அதனாலேயோ என்னவோ, "கைதான் போச்சி, மண்ட போவல" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அது போகவில்லை என்று எல்லோரும் பார்க்கத்தான் அந்தப் பட்பட்டி வந்தது என்று இப்போது தோன்றுகிறது. பட்டாளத்துக் கம்பளியொன்றை முற்றத்தில் விரித்து, பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசை வரிசையாக வைத்தார். ஏழு வரிசை. எந்த வரிசையில் எத்தனையாவதாக எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் கம்பளியைப் பார்த்துச் சரிபார்ப்பேன். ஒருதரம்கூடத் தப்பியதில்லை.

பூட்டும் வேலையை அம்மாவின் கைகள் செய்தன. வேறு வழியிருக்கவில்லை. ஒரு சிறிய நட்டைப் போல்டின் முனையில் வைத்துத் திருப்ப நைனா அரைமணி நேரம் போராடினார். நட்டு நாலு தரம் கீழே விழுந்தது. தறியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து அதை வாங்கி, இரண்டு விரலால் சுழற்றிவிட்டாள். அதிலிருந்து அவர் சொல்லச் சொல்ல இவள் செய்தாள். காலையில் தறி, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பட்பட்டி என்று ஆயிற்று. "வலப்பக்கம், வலப்பக்கம். ஆங், இப்ப ஒரு சுத்து, அரச் சுத்து, போதும் நிறுத்து." இப்படித்தான் பிற்பகலெல்லாம் அவர் குரல் கேட்கும். சில நாள் சண்டை வரும். "வலப்பக்கம்னா எந்த வலப்பக்கம், உங்குளுதா என்னுதா?" என்று அம்மா ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

சக்கரத்துக்குக் கம்பி கோக்கும் வேலை வந்தபோதுதான் நைனா வாயடைத்துப் போனார். நடுக்குடத்திலிருந்து வளையத்துக்கு நாற்பது கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கொடுத்து இழுக்கவேண்டும். பட்டாளத்தில் இதற்கென்றே ஆள் உண்டாம். அவர் முதல் நாலு கம்பிகளுக்கு வழி சொன்னார். ஐந்தாவதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா ஏழாவதுக்குப் போய்விட்டாள். "இது நம்ம வேலதானே. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றாள். அம்மையார்குப்பத்தில் பிறந்தவள், நடக்கத் தெரியும் முன்பே பாவு நூலுக்கு நடுவில் தவழ்ந்தவள். சாயங்காலத்துக்குள் இரண்டு சக்கரங்களும் முடிந்தன. நைனா சக்கரத்தைத் தூக்கிப்பிடிக்கச் சொல்லிச் சுழலவிட்டார். கோணல் இல்லாமல், ஆடாமல் சுற்றியது. அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பெட்டியில் இல்லாததற்கெல்லாம் வீட்டில் ஏதாவது வழி பிறந்தது. இருக்கைக்குத் தோல் இல்லை. கூடாரத்துணியை இரண்டாக மடித்துத் தைத்து, உள்ளே தேங்காய் நாரை அடைத்தாள் அம்மா. பின்னால் சாமான் வைக்கும் தட்டைக் கொல்லாசாரி அடித்துக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அந்த முற்றத்தில், தறியைவிடக் கொஞ்சம் உயரம் குறைந்த ஒரு பிராணி எழுந்து நின்றது.

அப்போதுதான் ஒருநாள் பிற்பகலில் பாலய்யா வந்தார். பெருத்த உடம்பு; தெலுங்கும் தமிழும் கலந்து சத்தமாகப் பேசுவார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தணிகாசலம், இது ஓடட்டும். மறுநாளே நெல்லூருக்கு வந்துடு" என்றார். அங்கே அவருக்குப் பத்துப் பன்னிரண்டு லாரிகள் ஓடின. வழியில் எங்கே லாரி நின்றுபோனாலும் பட்பட்டியில் போய்ப் பார்த்து, என்ன கோளாறு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். "ஸ்பானர் புடிக்க ஆளுங்க கீறாங்க. உன் மண்டதான் எனக்கு வேணும்" என்றார்.

அவர் போன பிறகு அம்மா கேட்டாள்: "எங்களயும் இட்டுகினு போவீங்களா?"

"மொதல்ல நான் போயி பாக்கறேன்" என்றார் நைனா.

நான் சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தேன். 'போயி பாக்கறேன்' என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷம் ஆகும். திரும்பி வரும்போது ஆள் மாறியிருக்கும். அம்மா தறிக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தறிச்சத்தம் கேட்டது.

கம்பளியில் அப்போது மிச்சமிருந்த துண்டுகள் கொஞ்சம்தான். மூன்றாவது வரிசையில், வாஷர்களுக்குப் பக்கத்தில், புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக, பாதி வட்டமாக வெட்டிய ஒரு உருக்குத் துண்டு இருந்தது. நைனா அதை 'அரைநிலா' என்பார். எஞ்சினின் தண்டில் பல்சக்கரத்தைப் பூட்டிப் பிடிப்பது அதுதான். அது இல்லாவிட்டால் தண்டு ஒரு பக்கம் சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். "இத்தனூண்டு கீதே, இது இல்லன்னா அத்தனயும் தண்டம்" என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போயிருந்தபோது அதை எடுத்தேன். நைனா சமையலறைக்குள் வருவதேயில்லை. எனவே அங்கே, கேழ்வரகு மாவுப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் புதைத்தேன். மாவு குறையும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

அன்று பகல் அவர் அரைநிலாவைக் கேட்டார். அம்மா கம்பளியில் தேடினாள். பிறகு கம்பளியை உதறினார்கள். பிறகு பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். முற்றத்துக் கல்லிடுக்கையெல்லாம் ஈர்க்குச்சியால் கிண்டினார்கள். "நீ எடுத்தியாடி?" என்று அம்மா கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன். நைனா என்னைக் கேட்கவேயில்லை. நான் எடுத்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

இரண்டு நாள் தேடிவிட்டு, கொல்லாசாரியிடம் அளவு சொல்லி ஒன்று அராவி வாங்கிவந்தார். கச்சிதமாகப் பொருந்தியது. மற்றதையெல்லாம் பூட்டி முடித்து, கிக்கரை மிதித்துப் பார்த்தார். மூன்றாவது மிதியில் 'நறுக்' என்று உள்ளே ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் ஆசாரியின் துண்டு இரண்டாக உடைந்து கிடந்தது. "பச்ச இரும்பு தாங்காது, உருக்கு வேணும்" என்றார். அரக்கோணத்துக் குவியலில் இன்னொன்று கிடைக்குமா என்று பார்த்துவர அம்மா சொன்னாள். அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் நான் செய்ததன் அளவு எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

"இன்னொண்ணு கெடைக்கும். அதில்ல சம்பூர்ணம். அது இங்க இருந்திச்சா, இருந்தமாதிரி நான் நெனச்சிகினேனா? அதச் சொல்லு மொதல்ல."

அதற்குப் பிறகு அவர் வேறு மனிதரானார். என்னை எதிரே உட்காரவைத்து, "குப்பு, கேளு. மொத வரிசைலேருந்து சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். முதல் வரிசை, இரண்டாவது வரிசை, எல்லாம் தண்ணீர் ஓடுவதுபோல வரும். மூன்றாவதில் வாஷருக்கு அடுத்து வந்து நின்றுவிடுவார். உதடு மட்டும் அசையும். பிறகு என்னைப் பார்த்து, "அது இருந்திச்சா பாப்பா? நீ பாத்தியா?" என்பார்.

"தெரியல நைனா."

எத்தனை தரம் இதைச் சொன்னேனோ! ஒவ்வொரு தரமும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். சொன்னால் வண்டி ஓடும். வண்டி ஓடினால் அவர் போய்விடுவார். என் கண்ணெதிரே அவர் கெடுவதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு சின்னச் சின்ன விஷயங்களிலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே, "நான் துன்னுட்டேனா?" என்று கேட்டார். கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். உண்மையில் அவர் எதையும் மறக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில் அவரிடமே இருந்தது. ஆனால் அந்தப் பதிலை அவர் நம்பவில்லை. தறியில் நூல் அறுந்தால் உடனே முடிபோடும் அம்மா, அந்த நாட்களில் அறுந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பலதரம் பார்த்திருக்கிறேன். அவருக்காகக் கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அரைநிலாவை நான் ஒளித்த பதினேழாவது நாள் காலை. நைனா பெட்டிகளை முற்றத்துக்கு நடுவே இழுத்துப் போட்டுவிட்டு, ஸ்பானர்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். கை நடுங்கக் காகிதம் சலசலத்தது.

"பாலய்யாவுக்குச் சொல்லி அனுப்பிச்சிட்டேன்" என்றார் அம்மாவிடம். "நாளைக்கு லாரி வரும். வண்டிய ஏத்திகினு போவட்டும். அதே லாரில நானும் மெட்ராசுக்குப் போறேன்."

"மெட்ராசுல இன்னா?"

"ஆஸ்பத்திரி."

"எந்த ஆஸ்பத்திரி?"

"உனுக்குத் தெரியாதா? நானாப் போயிட்டா நல்லது. புள்ள பேர மறந்துட்டு அதுங்கிட்டயே நீ யாருன்னு கேக்கற வரிக்கும் இங்க இருக்கக் கூடாது." அழாமல், கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சமையலறைக்கு ஓடினேன்.

பானை நிறைய மாவு இருந்தது. கையை விட்டுத் துழாவினேன். உருக்குத் துண்டு கிடைக்கவில்லை. இன்னும் கீழே போனேன். அடியில் விரலுக்குப் பட்டது துணி. இழுத்து எடுத்தால், வெள்ளைத் துணியில் கட்டிய சின்னப் பொட்டலம். வாயில் தறிநூல் சுற்றி முடிபோட்டிருந்தது. இரண்டு நுனியும் உள்ளே போய் மறைந்துவிடும் அந்த முடிச்சை எங்கள் வீட்டில் ஒரே ஒருத்திதான் போடுவாள். பிரித்தேன். உள்ளே அரைநிலா. துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் எண்ணெய் தடவியிருந்தது.

நான் அதைத் துணியில் சுற்றி வைக்கவில்லை. எண்ணெயும் தடவவில்லை.

எட்டு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு புரியும் என்று கேட்பீர்கள். முழுவதும் புரிந்தது என்று சொல்லமாட்டேன். மாவு குறைந்த ஒருநாள் அம்மாவின் கையில் அது தட்டுப்பட்டிருக்கிறது, எடுத்துப் பார்த்திருக்கிறாள், திரும்ப அதே இடத்தில் வைத்து மேலே புது மாவைக் கொட்டியிருக்கிறாள், அதன்பிறகு என்னைப் போலவே அவளும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். இதையெல்லாம் கோத்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்தத் துணியை நைனா பார்க்கக்கூடாது. அதை அடுப்பில் போட்டேன். எண்ணெயைப் பாவாடையில் அழுந்தத் துடைத்தேன். மாவைக் கொஞ்சம் அள்ளி அதன்மேல் பூசிக்கொண்டு வெளியே வந்தேன்.

"நைனா, நான்தான் எடுத்தேன். மாவுப் பானையில ஒளிச்சி வச்சேன்."

கையை நீட்டினார். வைத்தேன். அந்த உள்ளங்கையின் நடுக்கத்தில் அரைநிலாவும் சேர்ந்து ஆடியது. வெகுநேரம் அதையே பார்த்தார். முதுகில் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்கேருந்து எடுத்த?" என்றார்.

"கம்பளியிலேருந்து."

"எந்த வரிச?"

"மூணாவது. வாஷருக்குப் பக்கத்துல."

அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தம் சிரிப்பா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. "மூணாவது வரிச!" என்றார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "சம்பூர்ணம்! மூணாவது வரிசடி! வாஷருக்குப் பக்கத்துல! நான் சொன்னேனே, சொன்னேனே!" என்று கத்தினார். பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு குலுங்கினார். எவ்வளவோ நேரம் கழித்துத்தான் ஏன் எடுத்தாய் என்று கேட்டார்.

"நீ போயிடுவன்னு" என்றேன்.

மாவு ஒட்டிய என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

அம்மா சுவரோரம் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. நான் கொடுத்த துண்டு வெறுமையாக, மாவு படிந்து இருந்ததை அவள் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனாள். நான் கூசிப்போய் நின்றேன். செய்த தப்புக்காகக் கூசினேனா, அவளைக் காப்பாற்றியதற்காகக் கூசினேனா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் லாரி வந்தபோது ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. டிரைவரிடம் விளக்கெண்ணெய்ச் சீசாவில் பெட்ரோல் வாங்கி ஊற்றினார்கள். தெருவே கூடிவிட்டது. நைனா கிக்கரை உதைத்தார். ஐந்தாறு தரம் இருமிவிட்டு, மலையடிவாரத்துக் குரங்குகள் எல்லாம் கூரைக்குக் கூரை தாவும்படி வண்டி வெடித்துக் கிளம்பியது. எதிர்வீட்டு அத்தை காதைப் பொத்திக்கொண்டு "முருகா முருகா" என்றாள். எனக்கு அவர் கைமேல்தான் கண். அந்தக் கையால் எப்படிப் பிடிப்பார்? பிடித்தார். வண்டி முழுவதும் அதிர்ந்தது: டேங்க் அதிர்ந்தது, விளக்கு அதிர்ந்தது, கைப்பிடி அதிர்ந்தது. அந்த அதிர்வில் அவர் கை நடுங்குவது யாருக்கும் தெரியவில்லை. பட்டாளத்துக்குப் போகுமுன் எப்படி இருந்திருப்பாரோ அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து, நந்தியாற்றுப் பக்கம் போய்த் திரும்பி வந்தார். என்னை டேங்கின்மேல் உட்காரவைத்து ஒரு சுற்று. பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவள் வரவில்லை.

அந்த வாரமே நெல்லூருக்குப் போனார். அம்மா சோறு கட்டிக் கொடுத்தாள். "போயி பாக்கறேன்" என்று அவரும் சொல்லவில்லை, எங்களை அழைத்துப் போவாரா என்று நாங்களும் கேட்கவில்லை.

மாதாமாதம் கிருத்திகைக்கு வருவார். தெருமுனையில் சத்தம் கேட்கும்போதே நான் வாசலில் இருப்பேன். மூன்று பேரும் படியேறிச் சாமி பார்த்துவிட்டு வருவோம். முகம் தெளிந்து, உடம்பு தேறி, லாரிகளைப் பற்றியும் ஆற்றுப் பாலங்களைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார். "தணிகாசலம் காதை வச்சிக் கேட்டாலே எஞ்சினுக்கு இன்னா நோவுன்னு சொல்லிடுவாரு" என்று பாலய்யா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை நெல்லூருக்கு அழைத்துக்கொள்வதாக நைனா சொல்லிக்கொண்டே இருந்தார். தறி, என் பள்ளிக்கூடம், வீட்டு வசதி என்று ஒவ்வொரு வருஷமும் ஏதாவது வந்து நின்றது. ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. ஏழாவது வருஷ மழைக்காலத்தில் அங்கே பரவிய விஷக்காய்ச்சல் நைனாவையும் பிடித்தது. தந்தி கிடைத்து நாங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே லாரி வந்துவிட்டது. பின்பக்கக் கதவைத் திறந்து பாலய்யா இறங்கினார். எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, முற்றத்தில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது பதினாலு வயது. அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"நீ குடுத்தது நல்லதுதான்டி. ஆறு வருசம் மனுசனா இருந்தாரு. ஆனா நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அவள் அதைப்பற்றிப் பேசியதில்லை. மேலும் முப்பத்தைந்து வருஷம் இருந்தாள். கடைசிப் பத்து வருஷம் என் வீட்டில்தான். எத்தனையோ பகல் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறோம். கேட்டிருக்கலாம். அவளும் சொல்லியிருக்கலாம். நாங்கள் கீரையைத்தான் ஆய்ந்தோம்.

சென்ற மாதம் பேரன் காரில் திருத்தணிக்கு அழைத்துப் போனான். இப்போது கார் மலைமேலேயே போகிறது. படியேறுபவர்கள் வேண்டுதல்காரர்கள் மட்டும்தான். எங்கள் தெருவைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. வீடும் எதிர்வீடும் இடிந்து, இரண்டு மனையும் சேர்ந்து யாத்திரிகர்கள் தங்கும் நாலு மாடி விடுதியாகிவிட்டது. நைனாவின் வண்டியைப் பாலய்யாவின் பிள்ளைகள் யாருக்கோ கொடுத்தார்கள். அது எந்த ஊரில் எப்போது பழைய இரும்பாயிற்று என்று தெரியாது. நைனாவின் குரலும் எனக்கு மறந்துவிட்டது. சொன்ன சொற்கள் இருக்கின்றன, குரல் இல்லை. எனக்கும் இப்போது எழுதும்போது கை நடுங்குகிறது. வயதின் நடுக்கம், வேறொன்றுமில்லை.

விடுதி வாசலில் நின்ற காவலாளி, "ரூம் வேணுமாம்மா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். "யாரத் தேடறீங்க?" என்றான். ஒருவருமில்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மறுபடி அந்தக் காலைப்பொழுது வந்தாலும் ஓடிப்போய் அரைநிலாவை எடுத்துவந்து நைனாவின் கையில் வைப்பேன்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அம்மா சொன்னதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அவரோடு வாழக் கிடைத்த நாட்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மாதத்துக்கு ஒரு கிருத்திகை, ஆறு வருஷம். பேரன் வந்து தோளைத் தொட்டு, "போலாமா பாட்டி?" என்றபோது இன்னும் எண்ணி முடிக்கவில்லை.